அமாவாசையில் இறங்காத கலப்பை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் ஒரே தடவையில் கழற்றி ஒரே தடவையில் மாட்டியதாகச் சரித்திரம் கிடையாது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்கே நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் பிடிப்பார், ஒருவர் திருகுவார், ஒருவர் அப்படியில்லை என்பார், நாலாவது ஆள் போன தடவை என்ன ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு டிராக்டர் வந்தால் என்ன கதியாகும் என்று யாராவது முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். நான் ஒன்பது வயதுச் சிறுமி. தென்காசியிலிருந்து வடக்கே புளியங்குடிக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் ஊர். நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா. அவருடைய தம்பியான என் அப்பா தென்காசியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு பேரும் சேர்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் எஸ்டேட்டில் ஓடிக் களைத்த டிராக்டரை வாங்கினார்கள். கூடவே ஒரு இரும்புக் கலப்பை, ஒரு டிரெய்லர், ஒரு டிரைவர். டிரைவர் செங்கோட்டைக்காரர். பேச்சில் பாதி மலையாளம். எதைச் சொன்னாலும் ‘பின்னெ’ என்று ஒரு வார்த்தை உள்ளே வந்துவிடும். அப்புறம், பிறகு என்று அதற்கு அர்த்தம். நாங்கள் ‘பொறவு’ என்று சொல்லுகிற இடத்தில் அவர் ‘பின்னெ’ என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் முதலில் தலையை வாருவார், பிறகுதான் கீழே இறங்குவார்.

டிராக்டரின் பெருமையே அதன் லிஃப்ட்தான். ஒரு லீவரை இழுத்தால் பின்னாலுள்ள இரண்டு இரும்புக் கைகள் கலப்பையை மண்ணிலிருந்து தூக்கி அந்தரத்தில் நிறுத்தும். உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் நின்று அதைத் தாங்குகிறது. எஞ்சினை அணைத்தாலும் தாங்கிக்கொண்டேயிருக்கும். அதனால் கலப்பையைக் கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கலப்பையைத் தரையில் இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். லீவரை மேலும் கீழும் ஆட்டி, மிச்சம் நிற்கிற அழுத்தத்தையும் போக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கலப்பையைப் பிடித்திருக்கும் ‘பின்’ என்கிற இரும்பு முளைகளில் கை வைக்கலாம். டிரைவரின் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. எஸ்டேட்டில் ஒருநாள் இந்த முறையில் பாதியை விட்டுவிட்டாராம். அந்த விரலைக் காட்டி அவர் கதை சொல்லாத ஆள் எங்கள் ஊரில் பாக்கியில்லை.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு இளையவள், அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான மறுவருஷமே மாமா கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ரங்கூனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கப்பலில் போனதாக இன்னொருவர் சொன்னார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியவள்தான், தங்கியே விட்டாள். நெற்றியில் குங்குமமும் தலையில் பூவும் ஒருநாளும் இல்லாமல் இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் ஆளைக் காணவில்லையென்றால் போய்ச் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஆடியோடு பன்னிரண்டு முடிந்தது. ஊரில் நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்கள். போன உயிர் கதியில்லாமல் அலையக் கூடாது என்று பெரியப்பாவுக்கும் உறுத்தல். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் வைத்துச் செய்துவிடலாம் என்று சொன்னார். அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “சரி அண்ணாச்சி” என்றாள். மேலே நறுக்கினாள்.

எனக்கு முன்னால் பெரியவர்கள் ‘காரியம்’ என்று மட்டும்தான் பேசினார்கள். குற்றாலத்தில் ஒரு காரியம் இருக்கிறது என்றால் வேலை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் வேலையைப் பார்க்கட்டும், நான் அருவியைப் பார்க்கிறேன் என்பது என் கணக்கு. சாரல் நன்றாக இருக்கிறது, எல்லா அருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அளந்துகொண்டிருந்தார்கள். ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் எல்லோரும் டிரெய்லரில் போவது என்று முடிவாகியிருந்தது. டிரெய்லரில் போகப்போவதை நான் வகுப்பு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன்.

அமாவாசை அன்று உச்சி சாய்ந்த கொஞ்ச நேரத்தில் முடிந்து பிரதமை பிறந்துவிடும் என்றது பஞ்சாங்கம். அதற்குள் காரியம் நடந்தாக வேண்டும். ஐயரிடம் சொல்லியாயிற்று. விடிந்ததும் குளித்துக் கிளம்பி எல்லோரும் வாசலில் நிற்கிறோம், டிராக்டரைக் காணோம். முந்தின நாள் உழப் போன இடத்தில் சகதியில் சிக்கி, ராத்திரி அங்கேயே நின்றுவிட்டதாம். ஆட்களை வைத்துத் தள்ளி, வெயில் ஏறிய பிறகு டிரைவர் கொண்டுவந்து சேர்த்தார். பின்னால் கலப்பை தூக்கியபடி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்ட வேண்டும். பத்து நிமிஷ வேலை.

டிரைவர் கலப்பையை இறக்குவதற்கு லீவரில் கை வைத்தார். அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள்.

“எறக்காதிய. இன்னைக்கு அமாவாசை. கலப்பை மண்ணைத் தொடக் கூடாது.”

அமாவாசையன்று ஏர் பூட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பெரியப்பா அளவுக்குப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவர்களும் ஊரில் இல்லை. அமாவாசையில் உழுதான் என்பதற்காகப் பக்கத்து வயல்காரரோடு பேச்சை நிறுத்தியவர் அவர். ஆனால் கழற்றி வைப்பதும் உழுவதும் ஒன்றா என்று அப்பா கேட்டார்.

“மூலையில சாத்தி வச்ச கலப்பை நாள் பூராவும் கெடக்கட்டும், யாரு வேண்டாங்கா? மேல நிக்கதை இன்னைக்குக் கொண்டாந்து மண்ணுல குத்துனா அது ஏர் பூட்டுனதுதான்” என்றாள் அத்தை.

தாலுகா ஆபீசில் பட்டா வழக்குகளைப் பார்த்துப் பழகிய அப்பாவே வழக்கை விட்டுவிட்டு, கலப்பையை இறக்க வேறு இடம் தேட ஆரம்பித்தார். அத்தை இவ்வளவு நீளமாகப் பேசியே நாங்கள் கேட்டதில்லை. சாத்திரம் சம்பிரதாயம் என்று அவள் அதற்கு முன்னால் வாயைத் திறந்ததும் கிடையாது. விரத நாளில் யாருக்கும் தெரியாமல் எனக்கு முறுக்குக் கொடுத்தவள் அவள்தான். இவளுக்கு இன்றைக்குப் பார்த்து என்ன வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெல் காயப்போடும் சிமெண்டுத் தளத்தில் இறக்கலாம் என்றார் அப்பா. சிமெண்டுக்கு அடியில் மண் இல்லாமல் என்ன இருக்கிறது என்றாள் அத்தை. சாக்கை விரித்து இறக்கலாம் என்றாள் அம்மா. கலப்பையின் கொழு சாக்கைக் கிழித்துக்கொண்டு இறங்காதா என்றாள் அத்தை. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவள் சொன்னது எல்லாமே நியாயமாக இருந்ததுதான் எரிச்சல்.

கடைசியில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பெஞ்சைக் கொண்டுவந்து கலப்பைக்கு அடியில் போட்டார்கள். டிரைவர் மெல்ல இறக்கினார். பெஞ்சு கொஞ்சம் பாரத்தைத் தாங்கியது. இன்னும் கொஞ்சம் தாங்கியது. பிறகு ஒரு பக்கத்துக் கால் இரண்டும் மளுக்கென்று முறிந்தன. டிரைவர் லீவரை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிட்டார். கலப்பை தரைக்கு ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. டீசல் வீணாகிறது என்று பெரியப்பா கத்தினார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வாரிக்கொண்டார். பெஞ்சு போயிற்று, கலப்பை இறங்கவில்லை, நேரமும் போய்க்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் அப்பா உள்ளே போய் டிராக்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துவந்தார். எஸ்டேட்காரர்கள் கொடுத்தது. அதில் பக்கத்தைத் தேடிப் பிடித்து விரலை வைத்துக்கொண்டு, கலப்பையைக் கழற்றும் முன் பிரஷரை ரிலீவ் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றார். தாலுகா ஆபீசில் ரிலீவ் என்றால் ஒருவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு இந்த வேலையிலிருந்து விடுவிப்பது. பெரியப்பாவுக்கும் அந்த அர்த்தம்தான் தெரியும்.

“சார்ஜை யாருகிட்டலே ஒப்படைக்கணுமாம்? அதையும் பாத்துச் சொல்லு” என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்காமல் மெஷினை வாங்கினால் இப்படித்தான் என்றார். வாங்குகிற அன்றைக்கு லீவு போட மாட்டேன் என்று யார் சொன்னது என்றார் பெரியப்பா. இரண்டு பேரும் டிராக்டரை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கழற்ற ஆரம்பித்தார்கள். டிரைவர் நடுவில் புகுந்து, தன் நகமில்லாத விரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சொன்னார்:

“பிரஷர் போகட்டும் அண்ணாச்சி. பின்னெ எடுக்கலாம்.”

முதலில் அழுத்தம் போகட்டும், அதற்குப் பிறகு எடுக்கலாம் என்று சொன்னார் அந்த மனிதர். ‘பிரஷர் போகட்டும்’ என்பதைச் சலிப்பில் ‘தொலையட்டும்’ என்றும், ‘பின்னெ எடுக்கலாம்’ என்பதைப் ‘பின்னை எடுக்கலாம்’ என்றும் கேட்டுக்கொண்டார் பெரியப்பா. இவ்வளவு நேரம் கழித்து ஒருத்தன் உருப்படியாக ஒரு வழி சொன்னானே என்று சுத்தியலை எடுத்தார். கலப்பை ஒரு சாண் உயரத்தில் தொங்க, அதன் மொத்தப் பாரமும் இரண்டு பின்களில் நிற்க, அதற்கு அடியில் ஒரு காலை நீட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பின்னை ஓங்கி அடித்தார். டிரைவர் மறுபுறம் நின்று சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடியில் பின் பாதி வெளியே வந்துவிட்டது. கலப்பை அந்தப் பக்கமாகச் சரிந்து முனகியது.

அத்தை ஓடிவந்து அவருடைய சுத்தியல் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் பெரியப்பாவைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அண்ணாச்சி, காலை எடுங்க. உள்ள பிரஷர் நிக்கி. இது வந்துட்டுன்னா கலப்பை ஒங்க மேலதான் விழும்.”

பெரியப்பா காலை இழுத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“ஒனக்கு எப்படிட்டி தெரியும்?”

“தெனமும் பாக்கேன்லா. கீழ எறக்கணும். எஞ்சினை நிறுத்திட்டு லீவரை ஆட்டணும். அப்பத்தான் கழட்ட முடியும்.”

“எறக்குனாத்தான் கழட்ட முடியும்னு தெரிஞ்சுமா எறக்க விட மாட்டேங்கே?”

“ஆமா” என்றாள் அத்தை. பிறகு, “இன்னைக்கு எறக்காண்டாம் அண்ணாச்சி” என்றாள்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலைக்கு இத்தனை பேர் சேர்ந்து ஒரு காலைப்பொழுதையே தின்றுவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

“வாய்க்கால்ல பாலத்துக்குக் கெடக்க பனந்தடியில ரெண்டைத் தூக்கிட்டு வாங்க” என்றார் பெரியப்பா.

பனந்தடிகளை அடியில் போட்டார்கள். பாதி வந்த பின்னை டிரைவர் உள்ளே தட்டிச் சேர்த்தார். கலப்பை மெதுவாக இறங்கித் தடியின் மேல் உட்கார்ந்தது. மண்ணைத் தொடவில்லை. டிரைவர் லீவரை மேலும் கீழும் ஆட்டினார். இரும்புக் கைகள் லேசாக ஆடித் தொய்ந்தன. சுத்தியல் கேட்ட பின்கள் இப்போது விரலுக்கே வந்தன, கொண்டையிலிருந்து ஊசியை உருவுகிற மாதிரி. அத்தை பனந்தடியைப் பற்றி ஒரு குற்றமும் சொல்லவில்லை. சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். கிளம்பினால் இப்போதும் நேரம் இருக்கிறது, விரட்டிப் போனால் பிடித்துவிடலாம் என்றார் அப்பா. டிரைவர் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து டிரெய்லரோடு சேர்த்து நிறுத்தினார்.

டிரெய்லரை மாட்டுகிற பெரிய பின்னைக் காணோம்.

காலையில் அது டிரெய்லரின் மேலேயே கிடந்தது. நானே பார்த்தேன். ஒரு சாண் நீளம், கைப்பிடி வளையத்தோடு, சிவப்புச் சாயம் அடித்தது. கண்ணுக்குத் தெரியாமல் போகிற சாமானா அது? எல்லோரும் தேடினோம். டிரெய்லருக்கு மேலே, கீழே, வைக்கோலுக்குள், மாட்டுத் தொட்டிக்குள். அப்பா புத்தகத்தை உதறிக்கூடப் பார்த்தார். எங்கள் வீட்டில் தேடுவதென்றால் ஒருவர் தேடிய இடத்திலேயே அடுத்தவரும் தேடுவார். பெரியப்பா மட்டும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, அங்கன பாருங்க, இங்கன பாருங்க என்று இடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரணமாக ஒரு தேங்காய் காணாமல் போனாலே தோப்பையே புரட்டுகிற மனிதர் எழுந்திருக்கவே இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தபோது முக்காலிக்கு அடியில் நான் குனிந்து பார்த்தேன். அவருடைய செருப்பு மட்டும்தான் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

கடப்பாரையைச் செருகி ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார் டிரைவர்.

“பிள்ளைகள ஏத்திக்கிட்டுக் கடப்பாரையை நம்பிப் போகவா? நல்லாப் பேசுதீரு” என்றார் பெரியப்பா.

வெயில் சாய்ந்தது. பெரியப்பா அப்பாவிடம் மணி கேட்டார். பிறகு மறுபடியும் கேட்டார்.

“பிரதமை பொறந்துட்டு. இனிமே காரியமில்ல” என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “இந்தா கெடக்கே, காலடியில. இத்தன பேருக்கும் கண்ணு எங்க இருந்துச்சோ.”

முக்காலிக்கு அடியில், செருப்புக்குப் பக்கத்தில், சிவப்புப் பின் கிடந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அங்கே நான் இரண்டு தடவை பார்த்தேன், அது அங்கே இல்லை என்றேன். பெரியப்பா என்னைப் பார்க்காமல், ஒனக்குக் கண்ணு சரியில்லட்டி என்றார். கிளம்பியது கிளம்பிவிட்டோம், குளிக்கவாவது போவோம் என்று எல்லோரையும் ஏறச் சொன்னார். தென்காசி தாண்டி மேலகரத்தில் வண்டிகளும் ஜனங்களும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் கூட்டம் பாதி கலைந்திருந்தது. ஐயர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பெரியப்பா கைகூப்பி, வண்டியில் கோளாறு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அருவியில் நான் நின்ற நேரம் மிகவும் கொஞ்சம். அத்தைதான் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து ஈரத் தலையோடு கடைக்குப் போய்ப் புதிதாகக் குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டாள். எங்கள் எல்லோரையும் இத்தனை பாடு படுத்திவிட்டு நிதானமாகக் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கிறாளே என்று நினைத்தேன்.

அந்தக் காரியம் அதற்குப் பிறகு எந்த அமாவாசையிலும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. பெரியப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாமாவும் வரவில்லை.

நான்தான் விடவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் முக்காலிக்கு அடியில் பின் இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஒவ்வொரு தடவையும் என் கண்ணைக் குறை சொன்னார். தொந்தரவு தாங்காமல் அப்பா, தென்காசியில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டால் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்றார். அத்தைதான் என்னைக் கூட்டிப்போனாள். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் படித்தேன். பாப்பாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, எதற்கம்மா கூட்டி வந்தீர்கள் என்றார்.

வெளியே வந்ததும் அத்தை கால் கிலோ அல்வா வாங்கினாள். முழுவதையும் என் கையிலேயே கொடுத்தாள்.

“கண்ணு நல்லாருக்குன்னுதான அத்தை சொன்னாரு. பொறவு எதுக்கு அல்வா?”

“நல்லாருக்குல்லா, அதுக்குத்தான்” என்றாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது குனிந்து என் காதருகே சொன்னாள்: “பெரியப்பாட்ட மட்டும் கொஞ்சம் கோளாறு இருக்குன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிருட்டி. என்ன?”

அல்வா வாங்கித் தந்தவள் சொல்லைத் தட்ட முடியவில்லை. வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன். பெரியப்பா, நான் அன்னைக்கே சொன்னேன்லா என்று என் தலையைத் தடவிச் சிரித்தார். அத்தை அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள். கடைசி வரிசை வரைக்கும் படித்த கண்ணை வைத்துக்கொண்டு நான் ஏன் குருடி ஆக வேண்டும், இதில் இவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதுகொண்டே மீதி அல்வாவையும் தின்றேன்.